பழைய பாஸ்வேர்டு

மாடி வீட்டுக்காரர்கள் ஓசியில் வைஃபை பிடிக்கிறார்கள் என்று, வீட்டிலேயே ஆபீஸ் வைத்திருந்த தணிகாசலம் பாஸ்வேர்டை மாற்றினார். போனுக்குச் சொன்னார், டிவிக்குச் சொன்னார், ஸ்கேனரை மறந்தே போனார்.

அது பாவம், பழைய பாஸ்வேர்டையே சொல்லிச் சொல்லி ரவுட்டரின் கதவைத் தட்டியது.

"அண்ணே, நான்தாண்ணே! என் குரல்கூடவா தெரியல?"

"தெரியுதுடா. புதுசைச் சொன்னாத்தான் உள்ள விடணும்னு உத்தரவு."

"அதை நீங்களே சொல்லிடுங்களேன்."

"அவர்தாண்டா சொல்லணும்."

தணிகாசலம் ஸ்கேனரை அணைத்தார், போட்டார், தலையில் தட்டினார். "எல்லாம் ஒழுங்கா ஓடுது, இந்தச் சனியனுக்கு மட்டும் என்ன கேடு?" என்று பரணில் ஏற்றினார்.

புது ஸ்கேனர் வந்தது. பெட்டியைப் பிரித்ததும் அதற்கு அவர் பாஸ்வேர்டு சொல்லிக்கொடுத்தது பரண்வரை கேட்டது.

இப்போது பழையதற்கும் தெரியும். கரண்டுதான் இல்லை.