இன்றைக்கு ஆம்ப்ரோஸ் முறை

"ஒண்ணும் சொல்லாதீங்கக்கா. உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது," என்றாள் காந்தா. கையிலிருந்த ஈரத்துணியைக் கொடியில் போடாமலே நின்றாள். "ஹெலிகாப்டரா?"

ருக்கு தலையை ஆட்டினாள். அவள் கணவர் விமானத் தளத்தில் ஃபிட்டர்களுக்கெல்லாம் மேலே இருக்கும் வாரண்ட் ஆபீசர். லிங்கராஜபுரத்தில் வாடகைக்கு இருக்கும் ஃபிட்டர் வீடுகளுக்கு, நல்ல சேதியோ கெட்ட சேதியோ, முதலில் வருவது ருக்குதான்.

"மலையில மேகத்துக்குள்ள போய் மோதிடுச்சாம். யாரும் மிஞ்சலையாம் காந்தா. அதுல..."

"மெதுவாப் பேசுங்க. உள்ள அத்தை படுத்திருக்காங்க. நெஞ்சுவலிக்காரங்க." காந்தா அவள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தாள். "பிரிஜெட்டுக்குத் தெரியுமா?"

ருக்கு அவள் கையிலிருந்த ஈரத்துணியை வாங்கித் திண்ணையில் வைத்தாள்.

போனது யார் என்று காந்தா கேட்கவே இல்லை. கேட்க என்ன இருக்கிறது? அறுபத்தொன்றாம் வருஷத்து ஆடி மழையில் மலைநாடே வெள்ளத்தில் கிடந்தது. ரஷ்யாவிலிருந்து வந்த புது ஹெலிகாப்டர், அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தினமும் அங்கே போய் வந்தது. போன இடத்தில் பழுதானால் வயல் நடுவிலேயே சரி செய்ய வேண்டும் என்பதால், பைலட்டுகளோடு ஒரு ஃபிட்டரும் ஏறியாக வேண்டும். அந்த வேலை படித்தவர்கள் தளத்தில் இரண்டே பேர். காந்தாவின் கணவன் ஆதிகேசவன் ஒருவன், பிரிஜெட்டின் கணவன் ஆம்ப்ரோஸ் இன்னொருவன். இவன் பறந்தால் அவன் தரையில், அவன் பறந்தால் இவன் தரையில். மூன்றாவதாக ஒரு ஆளை அனுப்புகிறோம், அனுப்புகிறோம் என்று மேலே சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

நேற்று ஆதிகேசவன் போய் வந்துவிட்டான். இன்றைக்குத் தரை வேலைதான், சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுவேன் என்று காலையில் சைக்கிளை எடுத்தான்.

"அவளுக்கு ஏழு மாசம்க்கா," என்றாள் காந்தா. "இந்த நேரத்துல அந்தப் பொண்ணு எப்படித் தாங்குவா?"

"நீ செத்த உக்காரு. நான் சொல்றதக் கேளு."

உட்கார நேரமில்லை, தெருவில் யாராவது போட்டு உடைத்துவிடுவார்கள் என்று காந்தா செருப்பைத் தேடினாள். பிரிஜெட் தன்னிடம் ஒட்டுதலாக இருப்பவள், அதனால் தானே சொல்வதுதான் சரி என்றாள். ருக்கு இரண்டு தடவை குறுக்கே பேசப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

பக்கத்து வீட்டு லட்சுமம்மா வேலியோரம் வந்து, "ஏனாயித்து? என்னாச்சு?" என்று கன்னடமும் தமிழுமாகக் கேட்டாள். ருக்கு அவளிடம் போய்க் காதோடு ஏதோ சொன்னாள். பிறகு, தாங்கள் வரும்வரை காந்தாவின் மாமியாரை விட்டு நகர வேண்டாம் என்றாள். லட்சுமம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகம் பழகாத பிரிஜெட்டுக்காக இந்த அம்மாகூட அழுகிறாளே என்று காந்தாவுக்கு நெஞ்சு கனத்தது.

பிரிஜெட் வீடு சர்ச்சுக்குப் பின்னால் இருந்தது. வழியெல்லாம் காந்தா பேசிக்கொண்டே வந்தாள். எடுத்த எடுப்பில் சொல்லக் கூடாது, முதலில் நர்ஸைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பாதருக்கு ஆள் அனுப்ப வேண்டும், கோலாரில் இருக்கும் அவள் அம்மாவுக்குத் தந்தி கொடுக்க வேண்டும்.

"பிரசவம் முடியற வரைக்கும் எங்க வீட்லயே வெச்சுக்கறேன்க்கா. முன்ரூம காலி பண்ணிடலாம். அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஆம்ப்ரோஸ் அண்ணன்னா அவருக்கு உசுரு. இதக் கேட்டு எப்படித்தான் தாங்கப் போறாரோ."

சந்து திரும்பும் இடத்தில் காந்தாவின் நடை மெதுவானது.

"ஒண்ணு சொல்றேன், தப்பா நெனக்காதீங்க. தினமும் கண்ணு முழிச்சதும் இன்னிக்கு யாரு முறைன்னுதான் மொதல்ல நெனப்பேன். இன்னிக்கு அவங்க முறைன்னு நிம்மதியா காபி குடிச்சேன்க்கா. இப்ப அத நெனச்சா எனக்கே என்னைப் பிடிக்கல. நான் குடிச்ச நிம்மதியில அவ தாலி போச்சு."

ருக்கு சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். காந்தா தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"பெரியவங்க நீங்களே இப்படி ஒடிஞ்சா, அவளை யாரு பிடிக்கறது?"

"என்னால சொல்ல முடியலடி."

"நீங்க சொல்ல வேணாம். கூட நில்லுங்க, போதும்."

பிரிஜெட்டின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே யாரோ விசும்பும் சத்தம். யாரோ முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்கள். காந்தா கண்ணைத் துடைத்து, முடியை ஒதுக்கி, முகத்தைக் கொஞ்சம் தைரியமாக வைத்துக்கொண்டு கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தது ஆம்ப்ரோஸ்.

யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல், அழுது வீங்கிய கண்களோடு நின்றான். காந்தாவைப் பார்த்ததும் அவன் தலை கவிழ்ந்தது.

"உங்க வீட்டுக்கு வரத்தான் கெளம்பினேன் தங்கச்சி, காலு எழும்பல," என்றான். "காது அடைச்சிருக்குன்னு டாக்டர் காலையில என்னைத் தரையில நிறுத்திட்டாரு. என் முறைக்கு ஆதிதான் ஏறினான்."