தீவுக்குப் போகும் வழி

கரையிலிருந்த அலுவலகத்தில் உட்கார்ந்து, தீவிலிருந்த ரவுட்டரில் தரவு போய்வரும் வழிகளைக் கட்டளை தட்டி மாற்றிக்கொண்டிருந்தாள் ஜெனிட்டா. தீவில் தனியாக இருந்த அமலன் அதே இணைப்பில் பேசினான். “புது வழியைப் போட்டுட்டுப் பழசை அழி. நீ உள்ள வந்திருக்கதே அது வழியாத்தான். நான் நடுக்கடல்ல கிடக்கேன், தாயே.” பிறகு அதே மூச்சில், “ஏய், என்னைக் கட்டிக்கிறியா?” என்றான். புதியதைப் போடுமுன்பே அவள் விரல் பழைய வழியை அழித்துவிட்டது. குரல் அறுந்தது, திரை உறைந்தது. இனி அங்கிருந்து அவன்தான் வழி போட வேண்டும். உறைந்த திரையில் அவள் ‘சரி’ என்று தட்டினாள். தட்டியது தீவுக்குப் போய்த் திரும்பினால்தான் திரையில் எழுத்து விழும்; விழவில்லை. ஜன்னலுக்கு வெளியே கடல் எந்தத் தடமும் இல்லாமல் வெயிலில் கிடந்தது. தேநீரில் ஆடை படர்ந்தது. அப்போது திரையில் ‘ச’ மட்டும் வந்து நின்றது.