குரைக்காத கூண்டுகள்

“ஃபாரம் அப்புறம் சார். முதல்ல இந்த வரிசையில ஒரு தடவை மெதுவா நடந்துட்டு வாங்க. இங்க அதான் வழக்கம்,” என்றார் நாய்கள் காப்பகத்துத் தொண்டர் அக்கா.

நாயைத் தத்தெடுக்க வந்த தம்பதியில் கணவர் முன்னால் நடந்தார். மனைவி பின்னால் போனாள். குரைப்பு காதைப் பிளந்தது. ஐந்து, ஒன்பது, பதினான்காம் கூண்டுகளில் மட்டும் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

“பார்த்தீங்களா, இந்த மூணும் என்னைக் கண்டதும் பெட்டிப்பாம்பா அடங்கிடுச்சு,” என்று கணவர் சிரித்தார். “இதுல ஒண்ணைக் கொடுங்க. நான் நாய் வளர்த்ததே இல்லை. சொன்ன பேச்சு கேக்கணும், அவ்வளவுதான்.”

அக்கா பதிவேட்டைப் புரட்டினார். மூன்றும் வெவ்வேறு வருடங்களில், ஒரே தெருவில், காயத்தோடு கிடைத்தவை.

“சார், புது ஆளைக் கண்டா நாய் குரைக்கும். பாசமா வளர்த்தவங்களைக் கண்டா வாலாட்டும். அடிச்சவங்களைக் கண்டா மட்டும்தான் சுவரோட ஒட்டிக்கிட்டு, தலையைக் கவுத்துக்கிட்டு, சத்தமில்லாம நிக்கும்.”

“என்ன சொல்ல வர்றீங்க?” கணவரின் குரல் உயர்ந்தது.

அக்காவின் பார்வை அவரைத் தாண்டிப் போனது. அவர் மனைவி சுவரோடு ஒட்டி, தலையைக் கவிழ்த்து, சத்தமில்லாமல் நின்றிருந்தாள்.

“நீங்க மட்டும் உள்ள வாங்கம்மா, ஒரு கையெழுத்து வேணும்.”

அவள் கையைப் பிடித்து அறைக்குள் அழைத்துப்போன அக்கா, உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டார்.