விழுங்கிய கம்பெனி

"எதுக்குடா மெதுவா இறக்குறீங்க? கீழே தள்ளிவிடுங்க! நாளைக்கு அந்தப் பேரே இருக்கக் கூடாது."

சின்ன சோப்புக் கம்பெனியின் பெயர்ப்பலகை தடாலென்று விழுந்தது. அதை வாங்க வந்திருந்த பெரிய சோப்புக் கம்பெனி முதலாளி கைதட்டிச் சிரித்தார். கம்பெனியை விற்கிற சின்னவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கையெழுத்தே ஆகலை சார்" என்றார் முதலாளியின் வக்கீலம்மா.

"ஆகாம எங்கே போகும்?"

உள்ளே போய் உட்கார்ந்ததும் வக்கீலம்மா விஷயத்துக்கு வந்தார். "வழக்கு, வரி பாக்கி எல்லாம் அலசிட்டேன். கம்பெனி சுத்தம். ஆனா விக்கிறவர் பணம் கேக்கலை. நம்ம கம்பெனியில பங்கு கேக்கிறார்."

"பணமே வேண்டாமாமா? இப்படி ஒரு ஏமாளியா!"

"யோசிங்க சார். இப்ப உங்ககிட்ட அறுபது சதவீதம், உங்க அக்காகிட்ட நாற்பது. அவருக்குப் புதுசா பங்கு குடுத்தா முப்பத்துமூணு அவர் கைக்குப் போயிடும். நீங்க நாற்பதுக்கு இறங்கிடுவீங்க."

"அக்காவோட இருபத்தேழையும் சேர்த்தா அறுபத்தேழு. கூட்டக்கூடவா தெரியாது உங்களுக்கு?"

"அவங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே?"

"நான் காட்டுற இடத்துல அது கையெழுத்துப் போடும். வேற என்ன தெரியும் அதுக்கு?"

கையெழுத்துப் போட வந்த அக்கா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோப்புக்கு உறை போட்டுக்கொண்டிருந்த பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, இவங்களையெல்லாம் என்ன பண்ணப் போற?"

"வீட்டுக்கு அனுப்பப் போறேன். உனக்கெதுக்கு அந்தக் கவலை? போட்டுட்டுப் போய் டிவி பாரு."

அக்கா பேனாவை எடுத்தார். காட்டிய இடத்தில் போட்டார்.

இணைப்பு முடிந்தது. முதலாளி சொன்னபடியே அந்தப் பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை போகும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்த வாரமே பங்குதாரர் கூட்டம். முதலாளி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்க, சின்னவர் எழுந்தார்.

"நிர்வாக இயக்குநரை மாத்தணும்னு தீர்மானம் கொண்டுவர்றேன்."

முதலாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "முப்பத்துமூணை வெச்சுக்கிட்டா? ஏம்ப்பா, உனக்குச் சோப்புதான் போடத் தெரியும்னு நெனச்சேன், காமெடியும் வருதே! வக்கீலம்மா, சட்டுபுட்டுனு ஓட்டெடுங்க. எனக்கு ஆயிரம் வேலை இருக்கு."

"தீர்மானத்தை ஆதரிக்கிறவங்க கையைத் தூக்கலாம்" என்றார் வக்கீலம்மா.

சின்னவர் தூக்கினார். அக்காவும் தூக்கினார்.

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, கையை இறக்குக்கா. அது என்னை வெளியே அனுப்பறவங்க தூக்க வேண்டியது!"

"தெரியும்டா. கம்பெனி கார் சாவியை மேசையில வெச்சுட்டுப் போ."