ஆறடிச் சறுக்கு வண்டி

மாயாண்டி பெட்டிக்குள் மல்லாந்து படுத்திருந்தான். கண் மூடியிருந்தது, மூக்கில் பஞ்சு. இரண்டு கையையும் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தான்.

"எந்திரிப்பா, பாக்கவே வயித்தக் கலக்குது," என்றான் பெயின்டர் செய்கு முகம்மது. "காலங்காத்தால என்ன வெளையாட்டு இது?"

"சும்மா இருய்யா. அளவு பாக்க வேணாமா?" என்று பெட்டிக்குள்ளிருந்து பதில் வந்தது.

துபாய் அல் கூஸில் இருந்த அந்த மரப்பட்டறைக்கு மாயாண்டிதான் தச்சன். ஆனால் பாருங்கள், தச்சனுக்கு மரத்தூள் ஆகாது. தும்மித் தும்மியே உயிர் போய்விடும். அதனால் காலையில் மூக்கில் பஞ்சை வைத்தால் டூட்டி முடிந்துதான் எடுப்பான்.

பெட்டிக்குச் சொந்தக்காரன் வினோஜனுக்கோ கால் தரையில் நிற்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரன், தேராவில் ஒரு கம்பெனியில் வேலை. கனடா விசா கிடைத்துவிட்டது, அடுத்த வாரம் பயணம். அங்கே இருக்கிற அவன் சித்தப்பா, பனிக்காலத்தில் ஏரி உறைந்ததும் ஐஸில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிற ஆள். அந்தச் சீசன் எப்போது வரும் எப்போது வரும் என்று இவன் துபாய் வெயிலில் வியர்த்துக்கொண்டே தவம் கிடந்தான்.

"கடையில வாங்கின ஸ்லெட்டை இழுத்துக்கொண்டு போனால் அங்க சிரிப்பினமாம் அண்ணை. அவையவை தங்கட கையால செய்ததைத்தான் கொண்டு போவினமாம்," என்றான்.

ஸ்லெட் என்றால் சறுக்கு வண்டி. தூண்டில், கூடாரம், ஐஸைத் துளைக்கிற கருவி எல்லாவற்றையும் அடுக்கிக் கயிறு கட்டிப் பனியில் இழுத்துப் போகலாம். தங்கட கையால் என்று பெருமை பேசினானே தவிர, வினோஜனின் கை பட்டது அந்தக் கயிற்றில் மட்டும்தான். மற்றதெல்லாம் மாயாண்டியின் உழைப்பு.

"மீன் பிடிக்கிற சாமானுக்கு எதுக்குய்யா ஆறடிப் பெட்டி?" என்று கேட்டான் செய்கு.

"ஐஸ் உடைஞ்சு ஆரும் உள்ள விழுந்தால், தூக்கி இதிலதான் கிடத்திக் கரைக்கு இழுக்கவேணும். ஓராள் நீட்டி நிமிர்ந்து படுக்க இடம் வேணுமெண்டு சித்தப்பா சொன்னவர்."

வினோஜன் சித்தப்பாவுக்கு அனுப்ப ஒரு படம் எடுத்தான்.

"செய்கு, என் போன்லயும் ஒண்ணு எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டு விடு. நான் என்ன வேல செஞ்சிருக்கேன்னு நாகு பாக்கட்டும்," என்றான் மாயாண்டி. தலைக்கு மேல் ட்யூப்லைட் கூசியதால் கண்ணைத் திறக்கவில்லை. செய்கு அப்படியே ஒரு படம் எடுத்துப் போட்டுவிட்டான்.

நாகு என்றால் நாகவள்ளி, அவன் பெண்டாட்டி. சிவகங்கைப் பக்கம் அம்மா வீட்டில் நிறைமாதமாக இருந்தாள். பல வருஷம் ஏங்கிக் கிடைத்த பிள்ளை. பிரஷர் எக்கச்சக்கமாக இருக்கிறது, மனசு பதறவே கூடாது, பதறினால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தாள். பேறுகாலத்துக்குப் போய்ச் சேர லீவு கேட்டுவிட்டு, மாயாண்டி தினமும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"யல்லா, யல்லா! சீக்கிரம்! போன் எல்லாம் லாக்கர்ல!" என்று போர்மேன் கத்தினார். மெஷின் ஓடுகிற நேரத்தில் யாரும் போனைத் தொடக் கூடாது என்பது பட்டறைச் சட்டம்.

சாயங்காலம் லாக்கரைத் திறந்தால், மாயாண்டியின் போன் முழுக்க மிஸ்டு கால். மச்சினன் அருள்முருகன், பெரியப்பா மகன், ஊர் டீக்கடைக்காரர், பெயரே தெரியாத நம்பர்கள். நாகவள்ளி காலையில் கூப்பிட்டிருந்தாள். அப்புறம் அவளிடமிருந்து ஒன்றுமே இல்லை.

அவளுக்கு அடித்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மாமியார் போன் சுவிட்ச் ஆஃப்.

"நீ சொல்லச் சொல்லக் கேக்காம அந்தப் பெட்டியில போய்ப் படுத்தேனே, பாவி!" என்று செய்குவின் கையைப் பிடித்துக்கொண்டான். "என் புள்ளத்தாச்சிக்கு ஏதோ ஆயிருச்சுய்யா."

"ச்சீ, வாயக் கழுவு. புள்ள பொறந்திருக்கும், சந்தோசத்துல கூப்பிட்டிருப்பாங்க," என்றான் செய்கு. சொன்னவனுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

வாசலில் வினோஜன் சறுக்கு வண்டியைப் பிக்கப்பில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். "ஏரி உறைஞ்ச உடன பிடிக்கிற முதல் மீனை உங்களுக்குத்தான் போட்டோ எடுத்து அனுப்புவன் அண்ணை!" என்று கத்தினான். மாயாண்டியின் காதில் எதுவும் ஏறவில்லை. திரும்பத் திரும்ப நம்பரை அழுத்திக்கொண்டிருந்தான்.

ஒருவழியாக அருள்முருகன் எடுத்தான். அவன் குரலுக்கு முன்னால் ஒப்பாரிதான் கேட்டது. பெண்கள் கூட்டமாக மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள்.

மாயாண்டிக்கு உலகமே இருண்டது. மூக்கில் பஞ்சோடு குரல் யாருடையதோ போல வந்தது. "நாகுக்கு... என்ன ஆச்சு?"

"யாரு, துபாய் கேம்ப்லருந்தா? காலையிலருந்து இந்த நம்பருக்கு அடிக்கிறோம், ஒருத்தர் எடுக்கலியேண்ணே!" அருள்முருகன் கதறினான். "அக்கா மயங்கி மயங்கி விழுது. ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம்."

உயிரோடு இருக்கிறாள்! மாயாண்டி அப்படியே சுவரில் சாய்ந்தான். அப்படியானால் வீட்டில் யார் போனது? கேட்க வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் அருள்முருகன் முந்திக்கொண்டான்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கண்ணே. எங்க மாயாண்டி மாமா பாடி எப்ப வரும்?"