கொசுவலை

விடுமுறைக்கு வந்த கப்பல் சமையல்காரர், முழுகாமல் இருந்த மனைவியிடம் ஒரு கொசுவைக்கூட அண்டவிடவில்லை. ஜன்னலுக்கு வலை அடித்தார். கட்டிலுக்கும் கட்டினார்.

"மூச்சு முட்டுதுங்க."

"பொறுத்துக்கோ. நாங்க நின்ன துறைமுகத்துல, கொசுக்கடியால பிள்ளைங்க தலை சிறுத்துப் பொறக்குதாம்."

மறுவாரமே அவளுக்குக் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு. பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சா?"

"கப்பல்ல லேசா வந்துச்சு. அது அப்பவே சரியாப் போச்சே!"

"உங்களுக்குச் சரியாப் போச்சு. இந்தக் கிருமி கொசு கடிச்சு மட்டுமில்ல, ஒண்ணு சேர்ந்தாலும் புருஷன்கிட்டேர்ந்து பொண்டாட்டிக்குத் தொத்துங்க."

மனைவியின் கை வயிற்றுக்குப் போனது.

தினமும் ராத்திரி அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, வலையின் ஓரத்தை உள்ளிருந்து இறுக்கிச் செருகியது அவருக்கு நினைவுக்கு வந்தது.