படகுத்துறை வரவேற்பு

தீவுக்கு வரும் விருந்தினர்களுக்குப் படகுத்துறையில் மாலை போட்டு, சிரித்த முகமாக வணக்கம் சொல்வது அவள் வேலை. ஊருக்குக் கிளம்பும்போது அந்த மாலையைக் கடலில் போட்டால் மறுபடியும் தீவுக்கு வருவார்கள் என்பது விடுதிக்காரர்கள் கட்டிவிட்ட கதை. தீவில் யாரும் அதை நம்பியதில்லை. படகோட்டியான அவள் கணவன் புயலில் போய், உடலும் கிடைக்காதபோது, மனசு கேட்காமல் அவளும் ஒரு மாலையைக் கடலில் போட்டாள்.

இன்று காலைப் படகில் அவன் வந்து இறங்கினான். கறுப்புக் கண்ணாடி, சக்கரம் வைத்த பெட்டி. நெற்றியில் அதே தழும்பு.

அவள் மாலையும் கையுமாக நின்றுவிட்டாள்.

“சீக்கிரம் போடுங்கம்மா, வெயில் மண்டையைப் பிளக்குது,” என்றான். குரலும் அதேதான். “என்ன அழகான இடம்! இப்பத்தான் முதல் தடவை வர்றேன்.”

“சிரிம்மா, சிரி,” என்று பின்னாலிருந்து புது மேனேஜர் முணுமுணுத்தார்.

சிரித்தாள். மாலையைப் போட்டாள்.

இளநீர்த் தட்டோடு நின்ற மகள் ஓரடி முன்னால் வந்தாள். “அம்மா... அப்பா...”

“அங்கிளுக்கு இளநீர் கொடும்மா,” என்றாள் அவள். “ரொம்ப தூரத்திலேருந்து வந்திருக்கார்.”